வாப்பாட வலையும் தந்தையின் வலையும்

ஒக்டோபர் மாதம் எமது பாடசாலைகளில் தேசிய வாசிப்பு மாதம். பதாதை, ஊர்வலம், பேச்சுப் போட்டி ஆகியவற்றோடு அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. பிள்ளைகள் தம் கையாலேயே புத்தகம் ஆக்கி நூலகத்துக்கு வழங்குவதே அது. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆயினும் அது எம்மிடையே நடைபெறும் விதம் குறித்துச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகின்றேன். சிறுவர் இலக்கியம் பற்றி எழுதுவோர், பெரியவர்கள் சிறுவருக்காக எழுதியவற்றையே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் எழுதியதை ஒரு பிரதியாக மதித்து எவரும் வாசிப்பதில்லை. புள்ளியிடுகிறோம், அவ்வளவுதான்.

புள்ளியிட்டவர்களுள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய போட்டியொன்றுக்கு நடுவர் மூவரில் ஒருவனாகப் போயிருந்தேன். மேசை நிறைய நூல்கள். மினுங்கும் தாள், கணினியில் எடுத்த எழுத்து, ரிப்பன் முடிச்சு. பல நூல்களில் தரம் 3 பிள்ளையின் கையைவிட உம்மாவின் கையும் டியூஷன் டீச்சரின் கையும்தான் அதிகம் தெரிந்தன. எமக்குத் தரப்பட்ட தாளில் அட்டைக்கு ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம், சித்திரத்துக்கு ஒரு கட்டம், படிப்பினைக்கு ஒரு கட்டம். இன்னொரு பிள்ளை இதைக் கையிலெடுத்தால் முடியும்வரை வாசிக்குமா என்ற கட்டம் மாத்திரம் இல்லை. பரிசு பெற்ற மூன்றும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. ஏனையவை உரப்பையொன்றில் கட்டப்பட்டு மூலைக்குப் போயின. நூலகத்துக்காகச் செய்யப்பட்ட புத்தகங்கள் ஒன்றையேனும் நூலகம் இரவல் கொடுக்கவில்லை.

எமது பாடசாலை நூலகத்தைப் பற்றிப் பெருமைப்பட அதிகமில்லை. அம்பாறை மாவட்டக் கரையோரக் கிராமமொன்று. இரண்டு இரும்பு அலுமாரி, ஒரு நீள மேசை, நான்கு வாங்கு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வாசிக்கத்தக்க கதைப் புத்தகங்களை அவர்கள் ஒரு தவணைக்குள் வாசித்து முடித்துவிடுவார்கள். "வேற புத்தகம் இல்லியா சேர்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாதபோதுதான் இந்த வேலையைத் தொடங்கினோம். ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்து நடுமடிப்பில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். கோந்து தேவையில்லை, ஊசி நூல் தேவையில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறவர்களுக்குப் பழைய கொப்பிகளின் எழுதாத தாள், அட்டைக்குப் பால்மாப் பெட்டி மட்டை, நடுவில் தையல். பெரும்பாலான வீடுகளில் தையல் தெரிந்த ஒருவராவது இருப்பதால் அதுவொரு பிரச்சினையாக இருக்கவில்லை.

முதலாவது தவணையில் வந்தவற்றுள் பெரும்பாலானவை முயலும் ஆமையும், சிங்கமும் எலியும். இறுதிப் பக்கத்தில் தவறாது ஒரு படிப்பினை. அதற்காகப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பவர்கள் நாமே.

அந்தக் குவியலுக்குள் ஒன்று வேறாகக் கிடந்தது. தரம் 4 மாணவன் ஒருவனின் 'வாப்பாட வல'. எட்டுப் பக்கத்தில் ஏழு வசனம். வாப்பா கடலுக்குப் போகிறார். வலை கிழிந்து வருகிறது. முற்றத்தில் வேம்பின் கீழிருந்து பொத்துகிறார். ஐந்தாம் பக்கத்தில் மகன் எழுதுகிறான்: வாப்பா வல பொத்தக்குள்ள பேசமாட்டார், கால் பெருவிரல்ல வலயக் கொழுவிப் புடிச்சிருப்பார். அதற்கடுத்த பக்கத்தில் சித்திரம் மட்டும். பெரிய ஒரு கால்விரல், அதில் தொங்கும் வலை. ஆளே இல்லை.

வலை பொத்துவதைப் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருவிரலை இந்தப் பிள்ளை எழுதிய பின்னர்தான் கண்டேன். எழுத்து செய்யவேண்டியது இதைத்தான் என்று இன்று சொல்கிறேன். அன்று நான் செய்தது வேறு. சிவப்புப் பேனையை எடுத்துத் தலைப்பை 'எனது தந்தையின் வலை' என்று திருத்தினேன். 'பொத்தக்குள்ள' என்பதை 'பழுதுபார்க்கும்போது' என்று மாற்றினேன். 'கொழுவி' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு. நல்ல தாளில் திரும்ப எழுதிவரச் சொன்னேன். எழுதி வந்தான், பிழையில்லாமல். அட்டையில் தன் பெயரைப் போட மறந்திருந்தான். "பேர் எங்க மகன்?" என்று கேட்டேன். "நீங்கதானே சேர் எழுதின" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு புத்தகம் எதுவும் செய்யவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் கற்ற நாட்களில் டோல்ஸ்டோயின் கட்டுரையொன்றைப் பற்றி விரிவுரையாளர் ஒருவர் குறிப்பிட்டது இச்சம்பவத்தின் பின்னரே எனக்கு உறைத்தது. தேடிப்பிடித்து வாசித்தேன். டோல்ஸ்டோய் 1859இல் தமது யாஸ்னயா பொல்யானாக் கிராமத்தில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியவர். 1862இல் அவ்வூரின் பெயரிலேயே ஒரு சஞ்சிகையையும் வெளியிட்டார். அதில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியது குடியானவர் பிள்ளைகள் எம்மிடமா, நாம் அவர்களிடமா? கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துபவனைப் பற்றிய ருஷ்யப் பழமொழியொன்றைக் கதையாக்கும்படி அவர் பிள்ளைகளிடம் சொல்கிறார். முடியாது என்கின்றனர். அவரே எழுதத் தொடங்க, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு இது சரி, இது பிழை என்கின்றனர். ஃபெத்கா, செம்கா என்ற இரு சிறுவரிடம் கதை கைமாறிவிடுகிறது. கதையில் வரும் அயல்வீட்டுக்காரன் அவசரத்தில் பெண்பிள்ளையின் மேலங்கியை மாட்டிக்கொண்டு வருவதாக ஃபெத்கா சொல்கிறான். ஏன் பெண்ணின் அங்கி? எவரும் அவனுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஓர் அங்கியில் அந்த மனிதனும் அவன் வீட்டு நிலையும் முழுவதாகத் தெரிவதை டோல்ஸ்டோய் காண்கிறார். எங்கள் கிராமத்துக் கால்பெருவிரலும் அந்த அங்கியும் ஒரே இனத்தவை.

இன்னொன்றும் அக்கட்டுரையில் உண்டு. எழுதிய தாள்கள் ஏனைய பிள்ளைகள் கையில் அகப்பட்டு அழிந்துபோகின்றன. டோல்ஸ்டோய் மனமுடைந்து போகிறார். அவ்விரு சிறுவரும் இரவில் அவரது வீட்டுக்கே வந்து தங்கியிருந்து மறுபடி எழுதிக் கொடுக்கின்றனர். என் மாணவனுக்கு நான் செய்ததை நினைத்தபடி இந்தப் பகுதியை வாசிப்பது எனக்கு இலேசாக இருக்கவில்லை.

எனினும் டோல்ஸ்டோயை முழுதாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. கேதேயும் எட்டமுடியாத உயரம் என்று அந்தச் சிறுவனைப் பற்றி எழுதுமளவுக்கு அவர் பரவசப்படுகிறார். பழமொழியைத் தெரிந்தவர் அவர். பேனையைப் பிடித்திருந்தவர் அவர். பத்துப் பிள்ளைகள் சொன்ன நூறு விடயங்களுள் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரிவு செய்தவரும் பெருமளவில் அவரே. பிள்ளை பிறவிக் கலைஞன், ஆசிரியன் விலகி நின்றால் போதும் என்பது கேட்க இனிமையான வாதம். முயல் ஆமைக் கதை எழுதிவந்த அத்தனை பிள்ளைகளும் அதைப் பொய்யாக்குகின்றனர். விலகி நின்றால் மட்டும் ஒன்றும் வராது. அப்படியாயின் எதைக் கொடுப்பது?

என் அனுபவத்தில், கொடுக்கவேண்டியது வாசகர்களை. இதை எனக்குத் தெளிவாக்கியவர் டோல்ஸ்டோய் அல்லர்; பிரான்சின் தென்பகுதியிலுள்ள பார்-சுர்-லூப் என்ற கிராமத்தில் படிப்பித்த செலஸ்தின் பிரெனே. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட அவருக்கு நெடுநேரம் நின்று பேசிப் படிப்பிக்க இயலாதிருந்தது. 1924 அளவில் சிறியதோர் கையச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே ஈய எழுத்துக்களில் கோத்து அச்சிட்டனர். அச்சு இயந்திரத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது 1926இல் நடந்தது. அச்சிட்ட தாள்களை நாட்டின் மறுகோடியில், பிரித்தானிப் பகுதியின் கடற்கரை ஊரான திரேகுங்க்கிலுள்ள பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அந்தப் பிள்ளைகளின் தாள்கள் வந்தன. மலையடிவாரப் பிள்ளைகள் கடலைப் பற்றியும் கடற்கரைப் பிள்ளைகள் மலையைப் பற்றியும் கேள்வி கேட்டார்கள். தெரியாத ஒருவன் வாசிக்கப்போகிறான் என்றவுடன் பிள்ளைக்குத் தன் ஊர் எழுதத்தக்கதாகிவிடுகிறது. ஆசிரியர் மட்டுமே வாசிக்கும் கட்டுரையில் அது நிகழாது. ஆசிரியருக்கு எல்லாம் தெரியுமே!

ஆகவே இரண்டாம் ஆண்டில் நாம் ஒன்றை மாற்றினோம். போட்டி இல்லை, புள்ளி இல்லை. பிள்ளை செய்த புத்தகம் நூல் வரவுப் பதிவேட்டில் இலக்கம் பெறும். முதுகில் தூயி இலக்கம் ஒட்டப்படும். தமிழ்ப் புனைகதைக்குரிய 894.8113 என்ற இலக்கத்தை ஒட்டிக்கொண்டு அந்தப் பால்மாப் பெட்டிப் புத்தகங்கள் பெரிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு அருகில் நின்றன. பின்னட்டையில் திகதித் தாள். விரும்பியவர் எடுத்துச் செல்லலாம், ஒரு வாரத்தில் திருப்பித்தர வேண்டும். பதிவேட்டைப் பரிசோதிக்க வந்த அலுவலர் ஒருவர், விலையும் வெளியீட்டாளரும் இல்லாத எதையும் அதில் பதியலாகாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நாம் நாற்பது பக்கக் கொப்பியொன்றைத் தனிப் பதிவேடாக்கிக்கொண்டோம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகன், ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு நூல் என்று 1931இல் விதி எழுதிய ரங்கநாதன் விலையைப் பற்றி எந்த விதியும் எழுதவில்லை என்பது எமக்குத் துணிவு தந்தது.

இரவல் கொடுக்கத் தொடங்கிய பின்னர் நடந்ததை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. தரம் 3 பிள்ளையொன்று கையில் ஒரு புத்தகத்தோடு வந்தது. "சேர், இதுல தோணி கறைல நிண்ட எண்டு இருக்கு. கறை எண்டா சட்டைல புடிக்கிறதுதானே?" எழுதியவனிடமே போய்க் கேள் என்றேன். இடைவேளையில் இருவரும் வாங்கில் இருந்து வாதிட்டார்கள். மறுநாள் எழுதியவன் வந்து தன் புத்தகத்தை வாங்கி, றகரத்தை அழித்து ரகரம் போட்டான். எத்தனை ஆண்டுகளாக ரகர றகரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்! அவன் வாசகன் தடக்கி விழுந்த இடத்தில் மட்டும் அவனுக்கு அந்த வேறுபாடு தேவைப்பட்டது.

எழுத்துப்பிழை வேறு, சொல் வேறு. 'கறை'யைக் 'கரை'யாக்குவது வாசகனுக்கு உதவி. 'வாப்பா'வைத் 'தந்தை'யாக்குவது யாருக்கு உதவி? இங்கேதான் இச்சஞ்சிகையின் வாசகர்களோடு கொஞ்சம் வாதிட விரும்புகிறேன். 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கியத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நாம் அறிவோம். டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தபோது அதை இழிசனர் வழக்கு என்றவர்களைப் பிற்போக்காளர் என்று இன்றும் எழுதுகிறோம். எஸ்.எல்.எம்.ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சுவழக்கு உயிர்பெற்றிருப்பதைக் கூட்டங்களில் மெச்சுகிறோம். கூட்டம் முடிந்து மறுநாள் காலை வகுப்புக்குப் போய், 'உம்மா' என்று எழுதிய பிள்ளைக்கு 'அம்மா என்று எழுது' என்கிறோம். அறுபதுகளின் பண்டிதர்கள் எமக்குள் உத்தியோகம் பார்க்கின்றார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சையில் பேச்சுவழக்கில் எழுதினால் புள்ளி போகும் என்று நண்பர்கள் சொல்கின்றனர். போகும்தான். பரீட்சைத் தமிழை நானும் படிப்பிக்கிறேன், கண்டிப்பாகவே படிப்பிக்கிறேன். பெருநாள் உடுப்பும் வீட்டு உடுப்பும் வேறுவேறு என்று பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் உடுப்பதே வெட்கம் என்று நினைக்க வைப்பதைத்தான் கேட்கிறேன். நியூசிலாந்தில் மாஓரிக் குழந்தைகளுக்குப் படிப்பித்த சில்வியா ஆஷ்டன் வோர்னர், 1963இல் வெளியான 'டீச்சர்' என்ற நூலில் இதற்கு வேறோர் வழியால் வருகிறார். பிறநாட்டுப் பாடப்புத்தகத்தின் அமைதியான சொற்களைத் திரும்பத் திரும்பக் காட்டியும் மனத்தில் நிறுத்த இயலாத பிள்ளைகள், தாம் பயப்படுகின்ற, ஆசைப்படுகின்ற பொருட்களின் சொற்களை ஒருமுறை பார்த்தே பிடித்துக்கொண்டதை அவர் கண்டார். அச்சொற்களைக் கொண்டே வாசிக்கவும் எழுதவும் கற்பித்தார். எமது பிள்ளைக்கு அத்தகைய முதற் சொற்கள் வாப்பாவும் உம்மாவும். அவற்றை எடுத்துவிட்டு எழுது என்றால் அது எதை எழுதும்? முயலையும் ஆமையையும்தான்.

பெரியவர்கள் எழுதும் சிறுவர் நூல்களும் அந்த முயல் ஆமையைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அண்மையில் கையிலெடுத்த சிறுவர் பாடல் நூலொன்றில் வாழ்த்துரை, ஆசியுரை, அணிந்துரை, என்னுரை எல்லாம் தாண்டி முதற் பாடலுக்கு வர நீண்ட நேரம் பிடித்தது. பாடல்கள் எல்லாம் தம்பி தங்கைக்குக் கட்டளை. பல் தீட்டு, பாடம் படி, பெரியோரை மதி. நல்ல விடயங்கள்தாம், சுவரொட்டிக்கு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளி இத்தனை ஆண்டின் பின்னரும் பிள்ளைகளின் வாயில் இருப்பதற்குக் காரணம், புலவர் அந்தத் தோட்டத்து வெருளியைப் பார்த்திருக்கிறார். எமது கவிஞர்களுள் பலர் பிள்ளையையே பார்ப்பதில்லை. அவர்கள் ஒரு வாரம் ஏதாவதொரு பாடசாலை நூலகத்தில் வந்திருந்து எந்தப் புத்தகத்தின் திகதித் தாள் நிறைகிறது என்று பார்த்தால் நன்று. யாரும் புள்ளியிடாத விமர்சனம் அது.

அவ்வாறு வேகமாகத் திகதித் தாள் நிறைந்த ஒரு நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். தரம் 5 பிள்ளை ஒருத்தி எழுதியது. 'உம்மா போன் எடுக்கிற நாள்'. உம்மா சவூதியில் வீட்டுவேலைக்குப் போய் மூன்று வருடம். பிள்ளை உம்மம்மாவோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை உம்மா போன் எடுப்பார். சாப்பிட்டயா, ஓதப் போனயா, தலைக்கு எண்ணெய் வைத்தயா என்ற கேள்விகள் பக்கத்துக்கு ஒன்றாக வருகின்றன. பதில்கள் எழுதப்படவில்லை. ஏழாம் பக்கத்தில் இப்படி: உம்மா அங்க ஒரு புள்ளயக் குளிப்பாட்டுற. அந்தப் புள்ளட பேர் எனக்குத் தெரியும்.

பெயரை அவள் எழுதவில்லை. கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

சக ஆசிரியை ஒருவர் இது சிறுவர் நூலே அல்ல, பிள்ளைகளின் மனத்தைப் பாதிக்கும் என்றார். இறுதிப் பக்கத்தில் உம்மா திரும்பி வருவதாக எழுதச் சொன்னால் என்ன என்றும் கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த நூலை எடுத்துச் சென்ற பிள்ளைகள் யார் என்று பதிவேட்டில் பார்த்தபோது, அவர்களுள் பலரது உம்மாமாரும் வெளிநாட்டில். சிலர் இரண்டு தடவை எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்களது மனத்தைப் பாதிக்கவில்லை. அவர்களது மனத்தில் ஏற்கெனவே இருந்தது. வராத உம்மாவை வந்ததாக எழுதுவித்திருந்தால் அவர்கள் அதை இரண்டாம் தடவை எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நான் யோசித்திராத வாசகர் ஒருவர் வந்தார். பிள்ளையின் உம்மம்மா. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு நூலக வாசலில் நின்றார். "ஊட்டுக் கதய ஊரெல்லாம் வாசிக்கக் குடுத்திருக்கீங்களாமே மகன்?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிள்ளையின் சுதந்திரமான எழுத்து என்று நான் இத்தனை நேரம் எழுதியதெல்லாம் அந்த வாசற்படியில் கொஞ்சம் இடறியது. பிள்ளையின் வாழ்க்கை பிள்ளைக்கு மட்டும் உரியதா? அதில் உழைத்து அனுப்பும் ஒருத்தி இருக்கிறாள், வளர்க்கும் ஒருத்தி இருக்கிறாள். டோல்ஸ்டோயிடமும் பிரெனேயிடமும் இதற்கு நான் விடை காணவில்லை.

புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "எனக்கெங்க வாசிக்கத் தெரியும், நீங்க வாசிங்க" என்றார். வாங்கில் இருத்திவிட்டு எட்டுப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். ஏழாம் பக்கத்தில் குரல் தடக்கிற்று. அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "வெள்ளிக்கிழம இல்ல மகன். வியாழன் ராவுலதான் அவ எடுக்கிற. புள்ள பிழயா எழுதியிருக்கா" என்றார்.

பேத்தியிடம் சொல்லுங்கள், அவளே திருத்தட்டும் என்றேன். புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார். கொப்பியில் அவரது பெயரை எழுதி, எடுத்த திகதியையும் போட்டேன். திருப்பித்தந்த திகதிக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. கேட்டுப் போக எனக்கு மனமில்லை.